நிலத்துக் கணக்கை வைத்துத் தண்ணீரில் தூக்கச் சொல்லாதீர்கள்

திட்ட மேலாளர் அவர்களுக்கும் பாதுகாப்புக் குழுவினருக்கும்,

சனிக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த உங்கள் சுற்றறிக்கையை நின்று இரண்டு தடவை படித்தேன். போன வாரம் கிரேன் நின்ற பார்ஜ் (தட்டையான பெரிய மிதவை) சாய்ந்து, தூக்கிய பேனலைத் தண்ணீருக்குள் விடவேண்டி வந்ததற்குக் காரணம் கிரேன் ஆப்பரேட்டரின் கவனக்குறைவு, ஆகவே அவர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார் என்கிறது அது. கிரேனுக்குச் செல்லுபடியாகும் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதாம், தூக்கிய எடை லோடு சார்ட்டுக்கு (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) உட்பட்டதுதானாம். அதனால் திங்கட்கிழமை அதே பார்ஜில் அதே கிரேன் வேறு ஆப்பரேட்டரோடு வேலையைத் தொடங்குமாம். முதல் வேலை, தண்ணீருக்கடியில் கிடக்கும் கான்கிரீட் பேனலை வெளியே எடுப்பது.

நான் அந்தக் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவன். லோடைக் கட்டித் தூக்க ஏற்பாடு செய்யும் ரிக்கர் வேலையில் 17 வருடம், அதில் 11 வருடம் தண்ணீர்மேல். அன்றைக்கு 'தூக்கு' என்று கையைக் காட்டியது நான். தப்பு ஆப்பரேட்டருடையது என்றால் அதில் பாதி என்னுடையது. ஆனால் விசாரணை என்ற பெயரில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பதைத்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பேனல் 9 டன். ஹூக் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள் என்று லோடை மாட்டும் சாமான்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 600 கிலோ. 36 மீட்டர் பூம் (கிரேனின் கை), 12 மீட்டர் ஆரம் (கிரேனின் நடுவிலிருந்து ஹூக் வரை உள்ள தூரம்). அந்த ஆரத்தில் சார்ட் 11 டன் அனுமதிக்கிறது. 9.6 டன் என்பது 11 டன்னுக்குள் அடங்கும் என்கிறீர்கள். சரி, அடங்குகிறது. பார்ஜின் முன்பக்கம் கட்டியிருந்த சரக்கு மிதவையிலிருந்து பேனலைத் தூக்கியபோது பெரிதாக ஒன்றும் அசையவில்லை. எங்கள் பார்ஜ் 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெட்டி வடிவ மிதவைக்கு நீளவாக்கில் சாய்வைத் தாங்கும் சக்தி, அகலவாக்கில் உள்ளதைப்போல ஏறக்குறைய 9 மடங்கு. முன்பக்கம் தூக்கும்போது பார்ஜ் சமர்த்தாக இருப்பதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடலாம்.

அப்புறம் ஆப்பரேட்டர் பூமைப் பக்கவாட்டுக்குத் திருப்ப ஆரம்பித்தார். நான் எதிரே பைல் (தரையில் அடித்து இறக்கிய தூண்) மேடையில் நின்றதால், பார்ஜின் பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில் போட்டிருக்கும் அளவுக்கோடுகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. வேலை தொடங்கும் முன் தண்ணீருக்கு மேலே 55 சென்டிமீட்டர் தெரிந்தது. பூம் திரும்பத் திரும்ப அது 45 ஆனது, 35 ஆனது. பேனல் பைலை நெருங்கும்போது 20. நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினேன். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார். ஆனால் சாய்ந்த பார்ஜில் பூம் தானாகவே தாழ்ந்த பக்கத்துக்கு ஓடப் பார்க்கும். பிரேக் பிடித்தும் இன்னும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. அப்போது தூரத்தில் ஒரு இழுவைப் படகு கடந்துபோனது. அதன் அலை வந்து பார்ஜின் மேல்தளமான டெக்கின் விளிம்பில் ஏறியது. டெக்கில் கிடந்த மரக்கட்டைகள் மிதக்க ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இந்த 35 சென்டிமீட்டரை உங்கள் அறிக்கையில் தேடினேன், இல்லை. பார்ஜின் நடுவிலிருந்து விளிம்பு வரை 5 மீட்டர். 5 மீட்டரில் 35 சென்டிமீட்டர் இறங்கினால் சாய்வு 4 டிகிரி. பூமின் நுனி டெக்கிலிருந்து கிட்டத்தட்ட 34 மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் 4 டிகிரி என்றால் நுனி 2 மீட்டருக்கு மேல் வெளியே போய்விடும். 12 மீட்டர் ஆரம் அங்கேயே 14 மீட்டரைத் தாண்டிவிட்டது. யாரும் பூமைத் தாழ்த்தவில்லை, பார்ஜ் தாழ்த்திவிட்டது. உங்கள் சார்ட்டையே எடுத்து 14 மீட்டருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்: 8.8 டன். ஹூக்கில் தொங்கியது 9.6 டன்.

ஓவர்லோடு அலாரம் அடித்ததை ஆப்பரேட்டருக்கு எதிரான ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். அலாரம் சரியாகத்தான் அடித்தது. ஆனால் தூக்கியபோது அது ஓவர்லோடு இல்லை. பாதி வழியில் ஆனது.

இன்னொன்று, அந்தச் சார்ட்டின் கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்பு. உறுதியான, சமமான தரையில் கிரேன் நிற்கும்போது மட்டுமே இந்த எடைகள் பொருந்தும் என்று அதில் இருக்கிறது. சமம் என்றால் எவ்வளவு? பொதுவாக 1 சதவீதத்துக்குள், அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர். கோணத்தில் சொன்னால் அரை டிகிரியைச் சற்றே தாண்டும். நாங்கள் நின்றது 4 டிகிரியில். அந்தச் சார்ட் எங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. சான்றிதழுக்கும் அதே கதைதான். அந்தச் சோதனை நடந்தது யார்டில், கான்கிரீட் தரையில். கிரேன் நல்ல கிரேன் என்று அது சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. பார்ஜைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது ஆப்பரேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 'பாதுகாப்பற்ற முறையில் லோடை நீரில் இறக்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு இந்த மடலை எழுதவேண்டும் என்று தோன்றியது. அலாரம் அடிக்கிறது, டெக்கில் தண்ணீர் ஏறுகிறது, பதறிப்போய் எதிர்ப்பக்கம் வேகமாகத் திருப்பியிருந்தால் லோடு ஆடி எங்களை எல்லாம் கொண்டுபோயிருக்கும். அவர் பதறவில்லை. கீழே ஆள் இல்லை என்று என்னைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சீராக, சட்டென்று பிரேக் பிடிக்காமல், பேனலைத் தண்ணீருக்குள் விட்டார். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2.4 டன், தண்ணீருக்குள் போனால் அதில் 1 டன்னைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். 9 டன் பேனல் முழுக்க மூழ்கியதும் ஹூக்குக்கு வந்த எடை 5 டன்னுக்குச் சற்று மேல். பார்ஜ் அங்கேயே நிமிர்ந்தது. பிறகு நாங்கள் படகில் போய் ஹூக்கைக் கழற்றி, ஸ்லிங் முனையில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டு வந்தோம். அன்றைக்கு ஏழு பேர் உயிரோடு வீட்டுக்குப் போனதற்கு அவருடைய அந்தச் சில நொடி நிதானம்தான் காரணம். அதற்கு நீங்கள் கொடுத்தது சஸ்பென்ஷன் கடிதம்.

அவர் உட்கார்ந்திருக்கும் கேபினிலிருந்து பார்ஜின் அளவுக்கோடு தெரியாது. சாய்வு எவ்வளவு என்று காட்ட கேபினில் எதுவும் கிடையாது. கிரேனோடு வந்த சிறிய குமிழி மட்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் நிற்கும்போது அந்தக் குமிழி நாள் முழுக்க ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

லோடு ஆடாமல் இருக்கப் பிடிக்கும் கயிறான டேக் லைனைப் பிடித்திருந்த பையனைப் பற்றி அறிக்கையில் அரை வரி: 'ஒரு தொழிலாளி நீரில் விழுந்தார், காயமில்லை.' வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மேலே வந்தான். மிதவை வளையத்தை வீசினோம், எட்டவில்லை. கயிறு 10 மீட்டர்கூட இருக்காது. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்து மறுபடி வீசவேண்டியிருந்தது. மீட்புப் படகு எங்கே என்று கேளுங்கள். பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போயிருந்தது. அவன் வளையத்தைப் பிடிக்கும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு நானும் பார்ஜ் காவலரும் ஹேட்ச்களை, அதாவது பார்ஜின் உள்ளறைகளின் மூடிகளை, திறந்து பார்த்தோம். ஒரு குச்சியில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விட்டேன். ஆறு அறைகளில் இரண்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு மூடியின் ரப்பர் விளிம்பு பிய்ந்து தொங்கியது. மூடிய அறையில் பாதித் தண்ணீர் நிற்பது எவ்வளவு மோசம் என்று பார்ஜில் வேலை செய்த எவருக்கும் தெரியும். பார்ஜ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே அதுவும் ஓடிப்போய், சாய்கிறவனை இன்னும் தள்ளிவிடும். காலையில் யாராவது ஹேட்சைத் திறந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். பார்க்கவேண்டியது யார் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

அப்புறம் டெக்கில் ஒரு கீறல் இருக்கிறது. கிரேனின் செயின் டிராக்குக்கு அடியில் மரப்பாய் போட்டிருந்தோம், அவ்வளவுதான். கிரேனைப் பார்ஜோடு எதுவும் பிணைத்திருக்கவில்லை. 4 டிகிரி சாய்வில், நனைந்த டெக்கில், 60 டன் கிரேன் மரப்பாயோடு ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. துரு உரிந்து இரும்பு பளபளக்கும் அந்தக் கோட்டில் என் கையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். மழை வந்து மறுபடி துருவேறுவதற்குள் நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கள்.

இதெல்லாம் நானாகச் சொல்லும் வாதம் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 2010இல் கொண்டுவந்த கிரேன் விதிகளில், நிலத்துக் கிரேனைப் பார்ஜில் ஏற்றினால் என்ன செய்யவேண்டும் என்று தனியாக ஒரு பகுதியே உண்டு. சாய்வு, அலை, காற்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து லோடு சார்ட்டைக் குறைக்கவேண்டும். அதைக் கிரேன் தயாரிப்பாளர் செய்யவேண்டும். இல்லாவிட்டால் கிரேனின் திறன், மிதவையின் நிலைத்தன்மை இரண்டையும் அறிந்த நிபுணர் செய்யவேண்டும். சாய்வு அதிகபட்சம் 5 டிகிரி. தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் வரம்பு. டெக்கின் எந்தப் பகுதியும் தண்ணீருக்குள் போகக்கூடாது, பார்ஜின் அடிப்பாகம் எங்கேயும் தண்ணீரைவிட்டு எழும்பக்கூடாது. கிரேன் நகராதபடி பிணைப்போ தடுப்போ இருக்கவேண்டும். சாய்வு காட்டும் கருவி கேபினுக்குள் இருக்கவேண்டும். தண்ணீரோரம் வேலை செய்பவர்களுக்கான அவர்களுடைய இன்னொரு விதி, மிதவை வளையத்தின் கயிறு குறைந்தது 90 அடி, அதாவது 27 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது. மீட்புப் படகு உடனே எடுக்கும்படி நிற்கவேண்டும் என்கிறது.

அந்த விதி நமக்குப் பொருந்தாது என்று உங்களில் ஒருவர் கேண்டீனில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். நான் அதைச் சட்டமாகக் காட்டவில்லை. இந்த வேலையில் அடிபட்டவர்கள் எழுதிவைத்த பாடமாகக் காட்டுகிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் தாங்குகிறது.

நெதர்லாந்தில் ஆல்ஃபன் ஆன் டென் ரைன் என்ற ஊரில் 2015 ஆகஸ்ட் 3 அன்று, ஆற்றுப் பாலத்தின் புதிய தளத்தைத் தூக்கிக்கொண்டிருந்த இரண்டு கிரேன்கள் பார்ஜ்களோடு சாய்ந்து கரையோர வீடுகளின்மேல் விழுந்தன. இரண்டும் நிலத்தில் ஓடும் கிரேன்கள். வீடுகள் நொறுங்கின, மனித உயிர் போகாதது அதிர்ஷ்டம். பட்டப்பகலில், எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது அது. அங்கே அவ்வளவு பெரிய வேலையிலேயே கிரேனும் பார்ஜும் சேர்ந்த அமைப்புக்குப் போதிய நிலைத்தன்மை இல்லாமல் போயிருக்கிறது. இங்கே நாம் அந்தக் கணக்கையே போடவில்லை.

இதே வேலைக்கு இதைவிடக் குறுகலான ஒரு பார்ஜைக் கொண்டுவரும் யோசனையும் இருக்கிறதாகப் பேச்சு அடிபடுகிறது. உண்மையாக இருந்தால் ஒரு கணக்கை மட்டும் பாருங்கள்: நீளம் அதேயாக இருந்து அகலம் பாதியானால், நீர்மட்டப் பரப்பு சாய்வுக்குக் கொடுக்கும் எதிர்ப்பு பாதியாக அல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

இனி திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். பேனல் ஒரு வாரமாகச் சேற்றில் கிடக்கிறது. சேறு எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எந்தச் சார்ட்டிலும் அது இருக்காது. ஹூக்கைப் பூட்டி இழுக்கும்போது எடை ஏறிக்கொண்டே போகும், பார்ஜ் சாய்ந்துகொண்டே போகும். சேறு விடும் நொடியில் அவ்வளவு இழுவையும் ஒரேயடியாகக் குறைந்து பார்ஜ் எதிர்ப்பக்கம் எகிறும், பூம் பின்னால் அடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் பேனல் தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது 5 டன் மறுபடி 9 டன் ஆகும். அன்றைக்கு ஆப்பரேட்டர் எங்களைக் காப்பாற்றிய அதே வழியில், தலைகீழாக, எங்களை நடந்துபோகச் சொல்கிறீர்கள். அதுவும் இந்தப் பார்ஜில் ஒரு நாள்கூட உட்கார்ந்திராத புது ஆளை வைத்து.

ஆகவே நான் கேட்பது இவை.

திங்கட்கிழமை அந்தப் பேனலைத் தொடவேண்டாம். அதை எடுப்பதற்கென்று தனியாக ஒரு தூக்கும் திட்டம் எழுதுங்கள். முதலில் அடியில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைத் தளர்த்துவது, ஒரு ஓரத்தை மட்டும் மெதுவாகக் கிளப்புவது, ஹூக்கில் லோடு செல் (இழுக்கும் எடையைக் காட்டும் கருவி) மாட்டி இழுவைக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது, அந்த வரம்பு வந்தால் மேலே இழுக்காமல் நிறுத்திக் காத்திருப்பது என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

இந்தப் பார்ஜுக்கும் இந்தக் கிரேனுக்கும் சேர்த்து நிலைத்தன்மைக் கணக்குப் போடச் செய்து, குறைத்த லோடு சார்ட் ஒன்றைக் கையெழுத்தோடு வாங்குங்கள். முன்பக்கம் தூக்க ஒரு எடை, பக்கவாட்டில் தூக்க வேறு எடை என்று தனித்தனியாக இருக்கவேண்டும். லோடு இல்லாமல் பூமை உயர்த்தி நிற்கும்போது கவுண்டர்வெயிட் (கிரேனின் பின்னால் உள்ள சமன் எடை) பக்கம் எவ்வளவு சாயும் என்பதும் அதில் வரவேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சார்ட் கேபினில் ஒட்டப்படும் வரை கிரேன் பார்ஜில் வேலை செய்யக்கூடாது. பழைய சார்ட்டைக் கேபினிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால், அவசரத்தில் எது வசதியோ அதைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

கேபினுக்குள் சாய்வு காட்டும் கருவி வையுங்கள். கிரேனைப் பார்ஜோடு பிணையுங்கள். ஹேட்ச் ரப்பர்களை மாற்றுங்கள். தினமும் காலையில் அறைகளைத் திறந்து பார்த்து, நான்கு மூலையிலும் அளவுக்கோட்டைப் படித்துப் பதிவேட்டில் எழுத ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எண் சரியில்லை என்றால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும், ஃபோர்மேன் அதை மாற்றக்கூடாது. தூக்கும் நேரத்தில் பக்கத்தில் போகும் படகுகள் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஹூக்கில் லோடு தொங்கும்வரை மீட்புப் படகு ஆளோடு பார்ஜ் பக்கத்திலேயே நிற்கட்டும். பார்வையாளர்களுக்கு வேறு படகு தேடுங்கள். வளையத்துக்கு நீளமான கயிறு இன்றைக்கே வாங்கிவிடலாம். இதற்குக் கூட்டம் போடத் தேவையில்லை.

கடைசியாக, அந்தச் சஸ்பென்ஷன் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அறிக்கையில் உள்ள 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை நீக்கிவிட்டு, 55, 45, 35, 20 என்ற நான்கு எண்களையும் எழுதுங்கள். விசாரணையை மறுபடி திறந்து என்னையும் டேக் லைன் பையனையும் பார்ஜ் காவலரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எதையும் மறைக்காமல் சொல்வோம், எங்கள் தப்பு இருந்தால் அதையும் சேர்த்து.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வருவேன். ஸ்லிங் பார்ப்பேன், ஷாக்கிள் துடைப்பேன், சொன்ன வேறு வேலை எல்லாம் செய்வேன். பார்ஜுக்கான சார்ட்டைக் காட்டும்வரை அந்தக் கிரேனுக்குச் சிக்னல் கொடுக்க என் கை எழும்பாது.

இப்படிக்கு,
பார்ஜில் வேலை செய்யும் ரிக்கர்